ஒட்டுத்துணிப் போர்வைத் தையலுக்கு இஸ்திரிப் பெட்டி தேர்ந்தெடுத்தல்: சென்னிமலைப் பகுதி மகளிர் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோடு மாவட்டம் சென்னிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் படுக்கை விரிப்பு நெசவு நெடுங்காலமாக நடந்து வருகிறது. விரிப்புகளை அளவுக்கு வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளையும், ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் எடைக்குக் கிடைக்கும் பருத்திக் கட் பீஸ்களையும் வாங்கி, சிறு சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சுத் தகடு வைத்துத் தைத்து ஒட்டுத்துணிப் போர்வைகளாக விற்கும் மகளிர் குழு ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. தையல் பயிற்சியாளர் என்ற முறையில் அந்தக் குழுவோடு இருந்து கவனித்தவற்றை, அதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று பதிவு செய்கிறேன். குழுவினரின் பெயரும் ஊரும் இங்கே சொல்லப்படவில்லை.

குழுவினர் அனைவருமே தையல் தெரிந்தவர்கள். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் தைத்த கைகள் அவை. ஒரு வீட்டின் முன்கூடத்தை வாடகைக்கு எடுத்து, மோட்டார் பொருத்திய மூன்று தையல் இயந்திரங்களையும் வெட்டு மேசை ஒன்றையும் போட்டிருந்தார்கள். தேய்ப்பதற்கு 2000 வாட் நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்று இருந்தது. கடையில் இருந்தவற்றுள் வசதிகள் அதிகம் உள்ளது என்பதால் அதை வாங்கியிருந்தார்கள்: தண்ணீர்த் தொட்டி, தெளிப்பான், பீங்கான் பூச்சுள்ள அடித்தகடு, கவனிக்காமல் விட்டால் தானாக அணையும் ஏற்பாடு என எல்லாமே அதில் இருந்தன. வீட்டுத் துணி தேய்ப்பதற்கு அது நல்ல பெட்டிதான். உடைத் தையலில் இருந்து போர்வைத் தையலுக்கு மாறும்போது தேய்ப்பின் வேலையே மாறிவிடுகிறது என்பது அப்போது யாருடைய கணக்கிலும் வரவில்லை.

உடையில் ஒரு தையல் அரைக்கால் அங்குலம் தள்ளிப் போனாலும் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும்; பக்கத் தையலில் பிடித்தோ விட்டோ சரிசெய்துவிடலாம். ஒட்டுத்துணிப் போர்வையில் அப்படிச் சரிசெய்ய இடமில்லை. இந்தக் குழு எடுத்த வடிவம் 48 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ளது. சிறு துண்டுகளை இணைத்துத் தைத்த சதுரத்தைப் பிளாக் என்பார்கள். தைத்து முடித்தபின் 6 அங்குலம் வரக்கூடிய பிளாக்குகள் அகலத்தில் 8, நீளத்தில் 10 என ஒரு போர்வைக்கு 80 தேவை. அவற்றில் பாதி ஒன்பது சிறு சதுரங்களால் ஆன கட்ட பிளாக். மறுபாதி முக்கோணங்களைச் சுழல அடுக்கிய காற்றாடி பிளாக். இரண்டும் மாறி மாறி வரும். ஒவ்வொரு பிளாக்கும் இணைப்பதற்கு முன் ஆறரை அங்குலச் சதுரமாக இருக்க வேண்டும். எல்லாத் தையலுக்கும் மார்ஜின், அதாவது தையலுக்கு வெளியே விடும் துணி, கால் அங்குலம். ஒரு பிளாக் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், பெரிதாகிவிட்டால் அடுத்த பிளாக்கோடு இணைக்கும்போது மிகுதித் துணி ஓரிடத்தில் பொங்கி நிற்கும். அது ஒவ்வொரு வரிசையிலும் திரும்பத் திரும்ப நிகழும்போது போர்வை தரையில் படியாது.

திரும்பி வந்த தொகுப்பு

வெளியூர்க் கடை ஒன்று கொடுத்த முதல் ஆர்டரின் முதல் தொகுப்பு அனுப்பப்பட்ட சில வாரங்களில் அதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. கடைக்காரர் மூன்று குறைகளை எழுதியிருந்தார். போர்வையின் ஓரம் அலையலையாக இருக்கிறது. காற்றாடியின் முனைகள் பல இடங்களில் தையலுக்குள் மறைந்து மழுங்கியிருக்கின்றன. வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. நான்காவது குறை ஒன்றும் இருந்ததை நாங்கள் பிரித்துப் பார்த்தபோதுதான் கண்டோம்: சில போர்வைகளில் பஞ்சு ஆங்காங்கே தட்டையாக அமுங்கிப் போயிருந்தது.

குழுவில் முதலில் எழுந்த எண்ணம் வெட்டுபவரைப் பற்றியது. காற்றாடி பிளாக்குகள் மட்டுமே கோணலாக இருந்ததால், முக்கோணம் வெட்டிய கையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். வெட்டும் பொறுப்பில் இருந்த இளம்பெண் குழுத் தலைவியிடம், “அக்கா, தேய்க்கறதுக்கு முன்னால சரியாத்தானுங்க இருந்துச்சு. நான் ஒவ்வொண்ணா ஸ்கேல் வெச்சுப் பாத்துத்தான் குடுத்தேன்” என்றார். அவர் சொன்னதை வெறும் சமாதானமாக எடுத்துக்கொள்ளாமல் சோதித்துப் பார்க்கலாம் என்று தலைவி முடிவு செய்தது இந்த நிகழ்வின் முக்கியமான திருப்பம். யார்மீது தவறு என்ற பேச்சு அங்கேயே நின்றது.

கவனித்தவை

வழக்கமான முறையில் வேலை நடக்கட்டும் என்று விட்டுவிட்டு, தேய்ப்பு மேசையருகே நின்று கவனித்தோம். மேசை என்பது மடக்கு வகைப் பலகை. அதன்மேல் தடிமனான நுரைப்பஞ்சும் உறையும். தைத்த முக்கோண ஜோடியை விரித்து வைத்து, நீராவிப் பொத்தானை அழுத்தியபடி, பெட்டியை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்துத் தேய்த்தார்கள். சட்டை தேய்த்துப் பழகிய கைக்கு அது இயல்பான அசைவு. ஆனால் காற்றாடி பிளாக்கில் குறுக்குத் தையல் ஓடும் திசை, துணியின் கிராஸ் திசை, அதாவது இழைகளுக்குச் சாய்வான மூலைவிட்டத் திசை. பாவு இழையும் ஊடை இழையும் நேர்த்திசையில் இழுப்பைத் தாங்கும். கிராஸாக இழுத்தால் அவை ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து துணி நீண்டுவிடும். நீராவி பட்டு இளகிய பருத்தி இன்னும் எளிதாக நீளும். அடியில் இருந்த நுரைப்பஞ்சு பெட்டியின் முனையில் அமுங்கி, துணியை உள்ளே தள்ளி, மேலும் இழுத்துவிட்டது. பலகையில் இருந்து எடுத்த துண்டை மூலைக்கு மூலை அளந்தபோது ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருந்தது. சதுரம் பட்டம் போலச் சாய்ந்துவிட்டிருந்தது.

பெட்டி தானாக அணையும் ஏற்பாடும் இந்த வேலைக்குத் தடையாக இருந்தது. தையல்காரர் ஒரு கட்டுத் துண்டுகளைத் தைத்து முடித்துத் தேய்ப்புக்கு வரும் இடைவெளியில் பெட்டி அணைந்து ஆறத் தொடங்கியிருக்கும். சூடு குறைந்த பெட்டியில் மடிப்பு படியாததால் கையால் அழுத்தித் தள்ளினார்கள்; தள்ளத் தள்ளத் துணி நகர்ந்தது. நீராவி உண்டாகும் அளவுக்குச் சூடு இல்லாத நேரத்தில் தொட்டித் தண்ணீர் ஆவியாக மாறாமல் துளிகளாகவே அடித்தகட்டின் துளைகள் வழியே சொட்டியது. பழுப்புப் புள்ளிகளுக்கு அதுவே காரணம். ஊற்றியது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பானையின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு விடும் அளவுக்கு உப்புள்ள அந்தத் தண்ணீர் பெட்டியின் ஆவியறைக்குள்ளும் படிவை விட்டிருந்தது. துணியில் இருந்த கஞ்சியும் பஞ்சுத் தூசியும் துளைகளின் விளிம்பில் கருகி ஒட்டியிருந்தன. சொட்டும் துளி இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்து வெள்ளைத் துணியில் வைத்தது. சாயம் நிற்காத சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் துளி விழுந்த இடங்களில் இளஞ்சிவப்புக் கசிவும் தென்பட்டது.

மின் இணைப்பைப் பார்த்தபோது உண்மையாகவே கவலை ஏற்பட்டது. பெட்டியின் பெரிய பிளக்கை மாற்றுப் பிளக் ஒன்றில் சொருகி, அதை விளக்கு, விசிறி சுவிட்சுகளோடு இருந்த 6 ஆம்பியர் சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக இணைத்திருந்தார்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டம். சாக்கெட்டின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. பிளக்கின் கால்களைத் தொட முடியவில்லை. பஞ்சும் துணியும் குவிந்து கிடக்கும் அறையில் இதைவிட அவசரமான விஷயம் வேறில்லை என்பதால், மற்ற எந்த முடிவுக்கும் முன்பாக அந்த இணைப்பு அன்றே நிறுத்தப்பட்டது.

ஒப்பீட்டுச் சோதனை

வெட்டிய இளம்பெண்ணின் சொல்லைச் சோதிக்க எளிய வழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். 3 7/8 அங்குலச் சதுரங்களை அவரே வெட்டினார். ஒருவரே, ஒரே இயந்திரத்தில், அவற்றை முக்கோண ஜோடிகளாகத் தைத்தார். அவற்றை இரண்டு கட்டுகளாகப் பிரித்தோம். முதல் கட்டு வழக்கமான முறையில், நீராவியோடு இழுத்துத் தேய்க்கப்பட்டது. இரண்டாவது கட்டுக்கு உறுப்பினர் ஒருவர் வீட்டில் பயன்படாமல் கிடந்த, நீராவி வசதி இல்லாத பழைய உலர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல கனமும் துளையில்லாத வழவழப்பான அலுமினிய அடித்தகடும் உள்ள பெட்டி அது. தையலைப் பிரிக்காமல், தைத்த நிலையிலேயே அதன்மேல் ஒருமுறை பெட்டியை வைத்து எடுத்தோம். இதனால் நூல் துணிக்குள் அமர்கிறது. பிறகு அடர்நிறத் துணி மேலே இருக்குமாறு வைத்து, அதை விரல் நகத்தால் விரித்து, மார்ஜின் அடர்நிறப் பக்கம் சாயும்படி, தையலோரமாகப் பெட்டியை நேராக இறக்கி, சில விநாடிகள் நிறுத்தி, நேராகத் தூக்கினோம். இழுப்பு எங்கும் இல்லை. சூடு ஆறும்வரை துண்டைப் பலகையில் இருந்து எடுக்கவுமில்லை.

ஆறவிடுவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பருத்தியில் மடிப்பு நிற்பது ஆறும்போதுதான். சூடும் ஈரமும் பருத்தி இழையின் உள்ளே உள்ள பிணைப்புகளைத் தளர்த்துகின்றன. ஆறி உலரும்போது இழை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே பிணைப்புகள் மீண்டும் உண்டாகின்றன. சூடாக இருக்கும்போதே துண்டை மூலையில் பிடித்துத் தூக்கினால் தூக்கிய இழுப்போடு அது ஆறுகிறது. தேய்த்ததன் பயன் பாதி போய்விடுகிறது.

இரண்டு கட்டுகளையும், தைத்த ஜோடி இருக்க வேண்டிய அளவான மூன்றரை அங்குலக் கட்டம் வரைந்த அட்டைமேல் வைத்துப் பார்த்தபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை. முதல் கட்டில் பெரும்பாலானவை கோட்டைத் தாண்டியோ கோட்டுக்குள் அடங்கியோ சாய்ந்து கிடந்தன. இரண்டாவது கட்டு அட்டையோடு பொருந்தியது. இரண்டு கட்டுக்கும் வெட்டியவரும் மாறவில்லை, தைத்தவரும் மாறவில்லை. தலைவி அந்த இளம்பெண்ணின் தோளில் கை வைத்து, “நீ வெட்டுனது சரிதான் கண்ணு” என்றார்.

எந்தப் பெட்டி என்ற முடிவும் அதன் காரணங்களும்

சோதனைக்கு வந்த பழைய பெட்டியின் வயர் உரிந்திருந்ததால் அதைத் தொடர்ந்து பயன்படுத்த முடியாது. புதிது வாங்க வேண்டும். முதலில் பேசப்பட்ட யோசனை, குழுவில் மூத்தவர் சொன்ன கரிப்பெட்டி. தெருமுனையில் தேய்ப்பவரிடம் உள்ள பெட்டியின் கனத்தில் ஒருமுறை வைத்தாலே மடிப்பு நிற்கிறது என்றார். கனமே வேலையைச் செய்ய வேண்டும், கை செய்யக்கூடாது என்ற அவருடைய கருத்து முழுக்கச் சரியானது; பின்னால் எடுத்த முடிவுக்கு அதுவே அடிப்படையாகவும் அமைந்தது. எனினும் கரிப்பெட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்த வழியில்லை, வெள்ளைத் துணியில் சாம்பல் விழும், நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளுக்கு அதைத் தூக்கி இறக்க யாருடைய மணிக்கட்டும் தாங்காது என்பதால் அது கைவிடப்பட்டது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பயன்படும், தண்ணீர்ப் பாட்டிலை மேலே தொங்கவிட்டுக் குழாய் வழியாக நீராவிக்குத் தண்ணீர் எடுக்கும் பெட்டியும் பரிசீலிக்கப்பட்டது. கனமும் சூடும் அதில் நன்றாக உள்ளன. உப்பை வடிகட்டும் மணிகளும் பாட்டிலோடு வருகின்றன. சட்டை, பேன்ட் தைக்கும் யூனிட்டுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் இந்தக் குழுவின் சிக்கல் நீராவி போதாமை அல்ல. பிளாக் இணைக்கும் கட்டத்தில் நீராவியே வேண்டாம் என்னும்போது அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

ஆகவே தேடியது உலர் பெட்டி. 1000 வாட் பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.3 ஆம்பியர்தான் எடுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அது அடங்கும். கனம் எவ்வளவு என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. அந்த ஊரில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்குவது வழக்கம். 230 வோல்ட் 190 ஆக இறங்கினால் பெட்டியின் சூடாக்கும் திறன் அதன் இருமடி விகிதத்தில் குறைந்து, 1000 வாட் பெட்டி ஏறத்தாழ 680 வாட் பெட்டியாகிவிடுகிறது. அப்போது கனமான அடித்தகடு முன்பே தேக்கி வைத்த சூட்டைக் கொண்டு வேலையைத் தாங்கும். மெல்லிய தகடு இரண்டு துண்டுகளைத் தேய்ப்பதற்குள் ஆறிவிடும். கனத்துக்கு ஆதரவான காரணம் அது. எதிரான காரணம், குழுவில் இருவருக்கு ஏற்கெனவே மணிக்கட்டு வலி இருந்தது. இழுத்துத் தேய்க்கும்போது பெட்டியின் பாரத்தைப் பலகை தாங்குகிறது; வைத்து எடுக்கும் முறையிலோ ஒவ்வொரு முறையும் கைதான் தூக்க வேண்டும்.

ஈரோட்டில் கடை கடையாகப் பார்த்தபோது, ஹெவி வெயிட் என்று அட்டையில் அச்சிட்ட பெட்டிகளுக்குள்ளேயே கனம் வெகுவாக வேறுபட்டது. அட்டையை நம்பாமல், கடைக்காரரின் அனுமதியோடு பெட்டிகளைப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். வயரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டியை மட்டும் தட்டில் வைத்தபோது, ஒன்றே முக்கால் கிலோவுக்கு அருகில் நின்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு கிலோவைத் தாண்டிய ஒன்றை மூத்தவர் விரும்பினார். ஆனால் கடையிலேயே அதைப் பத்து முறை தூக்கி இறக்கிப் பார்த்ததும் அவரே வேண்டாம் என்றார். வாங்கும் இடத்திலேயே இப்படித் தூக்கிப் பார்ப்பதை எல்லோருக்கும் வலியுறுத்துகிறேன். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்காக, ஒற்றைத் தையலை மட்டும் படிய வைக்க, ஒரு கிலோவுக்குக் குறைவான சிறு உலர் பெட்டி ஒன்றும் வாங்கப்பட்டது. இரண்டும் சேர்ந்துகூட நீராவிப் பெட்டிக்குக் கொடுத்த விலையை எட்டவில்லை.

மற்ற அம்சங்களில் விரைவாக முடிவெடுக்க முடிந்தது. அடித்தகட்டில் துளைகள் இல்லை. துணிக்கு விறைப்பூட்டச் சூட்டில் கேன்வாஸ் ஒட்டும் வேலை வந்தாலும் துளை விழும் இடங்களில் ஒட்டாமல் வட்டம் வட்டமாக நிற்கும் தொல்லை இராது. முனை மெல்லியதாகவும் கூராகவும் இருப்பதால் கால் அங்குல மார்ஜினை விரித்துக்கொண்டு போகும். வயர் நூலுறை போட்டது. சூடான தகட்டில் பட்டவுடன் பிளாஸ்டிக் வயர் போல உருகாது. சூடேறுவதைக் காட்டும் விளக்கு, நிற்கும் இடத்தில் இருந்தே தெரிகிறது. ஐஎஸ்ஐ முத்திரை பெட்டியில் உள்ளது. அது இல்லாததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாது.

சூடு எல்லா இடத்திலும் சமமாக இருக்கிறதா என்பதை அறைக்கு வந்தபின் சோதித்தோம். அடித்தகட்டின் அளவுக்கு வெட்டிய காடாத்துணியில் ஒட்டுக் கேன்வாஸைப் பரப்பி, விளக்கு இரண்டு முறை அணைந்து எரியும்வரை காத்திருந்து, பெட்டியை அதன்மேல் அசைக்காமல் வைத்து எடுத்தோம். ஆறியபின் ஓரத்தில் இருந்து உரித்தால், எங்கே சூடு குறைவோ அங்கே கேன்வாஸ் எளிதாகக் கழன்று வரும். குதிகால் பக்கத்து ஓரத்தில் மட்டும் சற்று இளகியது; முனையும் நடுவும் உறுதியாகப் பிடித்திருந்தன. தையலை விரிக்கும் வேலை முனையில்தான் நடக்கிறது என்பதால் அது போதுமானதாக இருந்தது. விளக்கு அணைந்து எரிவதை இரண்டு முறை பார்த்த பிறகே தேய்க்கத் தொடங்க வேண்டும் என்பதும் அப்போது விதியானது. முதல் சூட்டில் தகட்டின் வெப்பம் குறித்த அளவைத் தாண்டி ஏறிப் பின்புதான் நிலைக்கு வருகிறது.

பலகை, தண்ணீர், துணி

பெட்டியை மட்டும் மாற்றியிருந்தால் பாதிப் பயன்தான் கிடைத்திருக்கும். நுரைப்பஞ்சுப் பலகைக்குப் பதிலாக, பழைய மேசைமேல் ப்ளைவுட் போட்டு, அதன்மேல் பழைய கம்பளியை இரண்டாக மடித்து விரித்து, காடாத்துணியை இறுக்கமாக இழுத்து அடியில் ஆணி அடித்தார்கள். கம்பளி சூட்டைத் தாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. மார்ஜினின் தடிப்பை மட்டும் உள்வாங்கி, துணியை அமுங்கவிடாமல் வைக்கிறது. மேசையின் உயரம், நிற்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும்படி செங்கல் வைத்துச் சரிசெய்யப்பட்டது. பெட்டியைத் தோளால் தூக்க வேண்டிய நிலை இதனால் நீங்கியது. தேய்த்த துண்டை ஆறவைக்கும்போது மேலே வைப்பதற்குத் தச்சரிடம் இருந்து சாயம் பூசாத, வழவழப்பாக இழைத்த மரக்கட்டை ஒன்று வாங்கப்பட்டது. சூட்டையும் ஈரத்தையும் கட்டை உறிஞ்சிக்கொள்வதால் மடிப்பு கத்தி முனை போல நிற்கிறது.

நீராவிப் பெட்டி வீணாகவில்லை. வெட்டுவதற்கு முன் துணியைத் தயார் செய்யும் வேலைக்கு அது மாற்றப்பட்டது. முன்பு கட் பீஸ்களை அப்படியே வெட்டினார்கள். ஒரே பிளாக்கில் அலசிய துணியும் அலசாத துணியும் சேர்ந்து, நீராவி பட்டதும் அலசாதது மட்டும் சுருங்கியது. இப்போது எல்லாத் துணியும் ஊறவைத்து அலசி, சாயம் விடுகிறதா என்று வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்து, அரை ஈரத்தில் நீராவியால் தேய்க்கப்பட்ட பிறகே வெட்டு மேசைக்குப் போகிறது. துணி முழுதாக இருக்கும் அந்த நிலையில் பாவுத் திசையில் இழுத்துத் தேய்ப்பதால் தீங்கில்லை. தொட்டிக்கு ஆழ்துளைத் தண்ணீர் நிறுத்தப்பட்டு, பேட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய தண்ணீர் வாங்கப்படுகிறது. வேலை முடிந்ததும் தொட்டி காலி செய்யப்படுகிறது. அந்தப் பெட்டிக்கென்று 16 ஆம்பியர் சாக்கெட்டைத் தனி வயரில் மின்பணியாளர் போட்டுக் கொடுத்தார்.

பஞ்சு அமுங்கியதற்குக் காரணம் கடைசித் தேய்ப்பு. உள்ளே இருந்தது பாலியெஸ்டர் தகடு. பருத்திக்குரிய சூடு சுமார் 200 டிகிரி செல்சியஸ். பாலியெஸ்டர் அதற்கு வெகு முன்பே இளகி, அழுத்திய வடிவத்திலேயே நின்றுவிடும். தைத்து முடித்த போர்வையைத் தேய்க்கவே கூடாது, மேல்துணியை முழுமையாகத் தேய்த்து முடித்த பிறகே பஞ்சு வைக்க வேண்டும் என்று வேலையின் வரிசை மாற்றப்பட்டது.

பின்பு நடந்தவை

திரும்பி வந்த போர்வைகளைத் தேய்த்துச் சரிசெய்ய முடியவில்லை. நீண்டுபோன கிராஸ் துணி பழைய நிலைக்குத் திரும்பாது. ஓரங்களை நேராக வெட்டிப் பட்டியை மறுபடி தைத்து, அளவு குறைந்தவற்றைக் குறைந்த விலைக்கு உள்ளூரில் விற்றார்கள். பஞ்சு வைக்காமல் இருந்த மேல்துணிகளில் காற்றாடி பிளாக்குகளை மட்டும் பிரித்து மாற்றினார்கள். பிரித்துத் தைப்பது புதிதாகத் தைப்பதைவிட அலுப்பான வேலை. அந்த வாரங்களில் குழுவின் பொறுமை என்னை வியக்க வைத்தது.

புதிய முறையில் தைத்த தொகுப்பைக் கடை ஏற்றுக்கொண்டது. காற்றாடியின் நான்கு முனைகளும் நடுவில் ஒரே புள்ளியில் சேர்ந்தன. பிளாக்குகளை இணைக்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த மார்ஜின்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டதால் குண்டூசியும் குறைவாகவே தேவைப்பட்டது. தேய்ப்புக்கு ஆகும் நேரம் முதலில் கூடியது. வைத்து, நிறுத்தி, எடுத்து, ஆறவிடுவது இழுத்துத் தேய்ப்பதைவிட மெதுவானதுதான். ஆனால் இணைக்கும் கட்டத்தில் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கும் வேலை அனேகமாக இல்லாமல் போனதால், ஒரு போர்வைக்கான மொத்த நேரம் கூடவில்லை என்று தையல்காரர்கள் சொன்னார்கள்.

சிக்கல்களும் இல்லாமல் இல்லை. துணிக்குக் கஞ்சி போட்டால் வெட்டு துல்லியமாக வருகிறது என்று கண்டு அதைக் கூட்டியபோது, அலுமினியத் தகட்டில் கஞ்சி கருகிப் பழுப்புப் படலம் உண்டானது. பெட்டி இளஞ்சூட்டில் இருக்கும்போது ஈரத் துணியால் அன்றாடம் துடைப்பதும், கஞ்சி காய்ந்த பிறகே தேய்ப்பதும் அதற்குத் தீர்வாயின. பிளாஸ்டிக் கொண்டை வைத்த குண்டூசி ஒன்று சூட்டில் உருகித் தகட்டில் ஒட்டிக்கொண்டது. அதன்பின் கண்ணாடிக் கொண்டை ஊசிகளுக்கு மாறினார்கள்.

மாற்ற வேண்டியவை

உலர் பெட்டியில் தானாக அணையும் வசதி இல்லை என்பது இன்னும் முழுமையாகத் தீராத கவலை. இப்போதைக்குச் சுவிட்சுப் பலகையில் சிவப்பு விளக்கு பொருத்தி, கடைசியாகக் கூடத்தைப் பூட்டுபவர் அதைப் பார்த்து நோட்டில் கையெழுத்திடும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். பெட்டியை நிறுத்தி வைக்கத் துணிப்பலகையில் இருந்து தள்ளி இரும்புத் தட்டு ஒன்றும் உள்ளது. ஆனால் மனித நினைவை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல. குறித்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் டைமர் சுவிட்சைப் பெட்டி வாங்கும்போதே சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். அடுத்த செலவு அதுதான் என்று குழு முடிவு செய்திருக்கிறது.

புதிதாகத் தொடங்கும் குழு ஒன்றுக்கு நான் சொல்லும் வரிசையும் இதனால் மாறியிருக்கிறது. முதலில் கூடத்தின் சாக்கெட் எத்தனை ஆம்பியர் என்று பார்க்கச் சொல்கிறேன். பிறகு பலகையைக் கெட்டியாக அமைக்கச் சொல்கிறேன். அதற்கும் பிறகே பெட்டி. ஆர்டர் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு காற்றாடி பிளாக்கைத் தைத்து, தேய்த்து, ஆறவைத்து, மூலைக்கு மூலை அளந்து பார்க்கும் பழக்கம் இந்தக் குழுவில் இப்போது நிலைத்துவிட்டது. வெட்டும் இளம்பெண் ஒவ்வொரு புதுத் துணிக்கும் அந்த ஒரு பிளாக்கை எடுத்து, அளவை அதன் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து, அட்டையில் குத்தி வைக்கிறார்.